வேனில் ஒரு கீறல்

— இன்னொரு தடவை ஊதுங்க.

— மூணு தடவை ஊதியாச்சு. பலூனா இருந்தா இந்நேரம் வெடிச்சிருக்கும்.

— ஏலக்காய் வாசனை வருது. ஏழு மாசத்துக்கு முன்னாடியும் இதே ஏலக்காயைத்தான் மென்னுட்டு வருவீங்க. எனக்குத் தெரியாதா?

— டீ குடிச்சேன்மா. டீக்கடைக்காரன் ஏலக்காய் போட்டது என் தப்பா? செருப்பையாவது கழட்ட விடு.

— வெல்டிங் பட்டறையை நாலு மணிக்கே மூடிட்டாங்க. போன் பண்ணிக் கேட்டேன். இப்ப அஞ்சரை. எங்க போனீங்க?

— ஒரு இடத்துக்கு.

— அந்த இடத்துக்குப் பேரு கிடையாதா?

— சொல்றேன். முதல்ல நீ உட்காரு.

— உட்கார மாட்டேன். வாசல்ல நிக்குற என் வேனைப் பாத்தீங்களா? கதவுல ஆரம்பிச்சு பின் சக்கரம் வரைக்கும் கீறல். கண்ணு மாதிரி வச்சிருக்கேன் அந்த வண்டியை.

— பாத்தேன்.

— எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க! நேத்து ஸ்கூல் பிள்ளைங்களை வீடு வீடா விட்டுட்டு வந்து நல்லாத்தான் நிறுத்தினேன். அசதியில படுத்துட்டேன். இன்னைக்கு ஸ்கூல் லீவு, வண்டியை எடுக்கவே இல்ல. சாவி ஆணியில தொங்குச்சு. வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. இதுக்குப் போலீஸ் நாய் வேற வரணுமா?

— வண்டியை நான் தொடவே இல்ல.

— குடிச்ச காலத்துலயும் தொடவே இல்லன்னுதான் சத்தியம் பண்ணுவீங்க. எனக்குத் தெரியாதா?

— அது சரி. என் வாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

— சட்டைப் பையில என்ன? கையை வச்சு மறைக்காதீங்க.

— காட்டறேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. தையல் மெஷின் டிராயர்ல இருக்கற மாத்திரை யாருது?

— என் டிராயரை எதுக்குக் குடைஞ்சீங்க?

— பட்டன் தைக்க ஊசி தேடினேன். பதினோரு அட்டை இருந்துச்சு, நாலு காலி.

— தூக்க மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்தது.

— எப்ப?

— நீங்க குடிச்சுட்டு வந்து ஆடின ஆட்டத்துல எனக்குத் தூக்கம் போச்சே, அப்ப.

— அது ஆச்சு மூணு வருஷம். அப்ப ராத்திரிக்கு ஒண்ணு. இப்ப?

— ரெண்டு.

— பகல்ல?

— படபடன்னு வந்தா ஒண்ணு. அதுக்கென்ன இப்ப? உங்களை மாதிரி நான் ரோட்டுல விழுந்து கிடந்தேனா? மருந்துக் கடையும் சாராயக் கடையும் ஒண்ணா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். மாத்திரையும் ஆளைப் புடிச்சுக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க.

— எந்த டாக்டரம்மா?

— என்னைக் குடியிலேருந்து மீட்டாங்களே, அதே மையத்து டாக்டரம்மா. அங்கதான் போயிருந்தேன். இந்தா சீட்டு, படி.

— நாளைக்கு, காலைல பத்து மணி... ஐயோ, இது என் பேரு! என் பேரை எதுக்குக் கொடுத்தீங்க? வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆகறது?

— என் விஷயம் வெளிய தெரிஞ்சுதா? இல்லல்ல. கேளு. பயந்துபோய் நீயா பட்டுன்னு நிறுத்திடக் கூடாதாம், வலிப்பு வந்துடுமாம். அவங்க பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. கால் தடுமாறுதா, மறதி இருக்கான்னெல்லாம் கேட்டாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— போன வாரம் நீ குளியலறையில விழுந்ததைச் சொன்னேன். மறதி மட்டும் கிடையவே கிடையாது, பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் என்ன சட்டை போட்டுக்கிட்டு என்ன பொய் சொன்னேன்னு இப்பவும் அவ சொல்லுவான்னேன்.

— ஓஹோ. வண்டியை இடிச்சது நீங்க, வைத்தியம் எனக்கா? நல்லா இருக்குங்க நியாயம்.

— சாவியைக் கொடு. நாளைக்கு நீ ஓட்ட வேணாம்.

— தர மாட்டேன். நீங்க வேலைக்கே போகாத காலத்துல இந்த வீட்டுக்குச் சோறு போட்டது இந்தச் சாவிதான்.

— மத்தியானம் ஸ்கூல் வாட்ச்மேன் பட்டறைக்கு வந்தாரு. நேத்து அக்கா வண்டியை ஸ்கூல் கேட்டுல உரசிட்டாங்க, இறங்கிப் பாத்தாங்க, முந்தானையால துடைச்சாங்க, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம ஏறிப் போயிட்டாங்கன்னாரு. பயந்துட்டேன்மா. அதைவிட, நீயே இடிச்சுட்டு என் மேல போடுறியே, அதுதான் வலிக்குது.

— கேட்டுலயா?

— கேட்டோட பச்சை பெயின்ட் இன்னும் கீறல்ல ஒட்டியிருக்கு. போய்ப் பாரு.

— நான் இறங்கிப் பாத்தேனா?

— நடிக்காத.

— நடிக்கலங்க. உங்க மேல ஆணை. ஸ்கூலுக்குக் கிளம்பினது ஞாபகம் இருக்கு. அப்புறம் நம்ம வாசல்ல நிறுத்தினது. தினமும் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விடறேன், நேத்தும் விட்டிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன்.

— என்னம்மா சொல்ற?

— இந்தாங்க, சாவியைப் புடிங்க. எனக்குத் தெரியலங்க, நீங்களே சொல்லுங்க. நான் இடிச்சப்போ உள்ள பிள்ளைங்க இருந்தாங்களா?