நிலவறைக்குப் போ

– முட்டையை அப்புறம் உரிக்கலாம், ஒவிடியு. நாளைக்கு விசாரணையில வாயைத் திறக்க மாட்டேன்னு இந்தக் கல்லறை மேல கை வச்சுச் சொல்லு.

– உன் மாமியார் கல்லறை மேலயா? உயிரோட இருந்தப்பவே அந்தம்மா என்னை நம்பினதில்லை, அக்கா.

– சிரிப்பு வருதா உனக்கு? பக்கத்துக் கல்லறையைப் பாரு. மண்ணு இன்னும் ஆறல. பக்கத்து வீட்டு ஸக்காரியா மாமாவுக்கு இதுதான் முதல் ஈஸ்டர் படையல்.

– பாத்துட்டுத்தான் இருக்கேன். வந்ததுலேர்ந்து வேற எதையும் பாக்கல.

– அப்புறம் எதுக்குடா கிளறுற? உங்க ரேடார்ல அன்னிக்கு எதுவும் தெரியலன்னு உன் அதிகாரியே எழுதிக் கொடுத்துட்டாரு. முடிஞ்சுது.

– தெரிஞ்சுது அக்கா. நான்தான் பாத்தேன். சண்டை நடக்கிற பக்கத்துலேர்ந்து வந்த ட்ரோன், எங்க நாட்டைத் தாண்டி ஆத்தைப் பாத்துப் போச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம், அடுத்த நாட்டுல, நீ வாக்கப்பட்ட இந்த ஊர்தான்.

– பாத்தவன் இந்தப் பக்கம் எங்க நாட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? அந்த ரேடாரே எங்க ஆளுங்க சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

– நாங்க யார் பக்கமும் இல்லன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கோம். பாக்கலாம். பாத்ததை அடுத்த நாட்டுக்குச் சொல்லணும்னா ஒவ்வொரு தடவையும் மேலிடம் சரின்னு சொல்லணும். கேட்டேன். இருங்கன்னாங்க. ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டாரு. அவர் மந்திரியைத் தேடினாரு. அனுமதி வர்றதுக்குள்ள அது விழுந்துடுச்சு.

– அந்த நேரத்துல எனக்கு மட்டும் ஃபோன் பண்ணின.

– ஆமா.

– "பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நிலவறைக்குப் போ, யாருகிட்டயும் சொல்லாத"ன்னு சொன்ன.

– வேலை போயிடும்னு பயம். எனக்கு அப்போ உன் பிள்ளைங்க முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஒரு தெருவையே எழுப்பியிருக்கலாம். பாவிப் பய நான்.

– நீ மட்டுமா பாவி? வேலிக்கு அந்தப் பக்கம் மாமா வீட்ல விளக்கு எரிஞ்சுது. ஒரு கத்து கத்தியிருந்தா போதும். கத்தல. லாந்தரை எடுத்துக்கிட்டு என் பாட்டுக்கு இறங்கிட்டேன். ஒயின் பீப்பாய்ங்களுக்கு நடுவுல உக்காந்து பிள்ளைங்க காதைப் பொத்தினேன். மேல சத்தம் கேட்டப்ப, நமக்கு ஒண்ணும் ஆகலன்னு சந்தோஷப்பட்டேன்டா. சந்தோஷப்பட்டேன்!

– அழாத அக்கா. எல்லாரும் பாக்குறாங்க.

– கல்லறையில அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

– அதனாலதான் நாளைக்குச் சொல்லணும்ங்கிறேன். எங்க ரேடாரை உங்க பக்கத்தோட நேரா இணைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. ரேடார் பாத்துச்சு, அனுமதிதான் வரலன்னு தெரிஞ்சா இணைப்பாங்க. அடுத்த தடவை எவனும் எவனையும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்.

– நீ பாத்தேன்னு சொன்னா, பாத்துட்டு என்ன பண்ணினன்னு கேப்பாங்க. என் பேரு வரும். நீ ஆத்தைத் தாண்டிப் போயிடுவ. நான் மாமாவை இழந்த பரஸ்கிவா அத்தை முகத்துல தினமும் முழிக்கணும். என் பிள்ளைங்களுக்கு அது இன்னும் ரொட்டி சுட்டுக் கொடுக்குது, தெரியுமா?

– தெரியும்.

– எனக்கு ஒண்ணுதான் புரியல. அவங்க வீட்ல ஒரு ஓடு கூட நகரல. உள்ளயே இருந்திருந்தா மாமாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அது விழுந்த எங்க கேட்டுக்கிட்ட எதுக்கு வந்து நின்னாரு?

– ஸ்ஸ். அத்தை வருது.

– ரோதிகா! ஒவிடியு கண்ணு! எவ்வளவு நேரமா கூப்பிடுறேன், ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம்? இந்தாம்மா, ரொட்டி, துண்டு, மெழுகுவத்தி. என் மனுஷன் ஆத்மாவுக்கு. வாங்கிக்கோ.

– அத்தை, எனக்கு எதுக்கு... இல்லாதவங்க யாருக்காவது கொடுங்க.

– அடிப் போடி. செத்தவங்க பேரைச் சொல்லிக் கொடுக்கிறதை வேண்டாம்ங்கலாமா? வாங்கு.

– ஆண்டவர் ஏத்துக்கட்டும், அத்தை.

– ஏத்துக்கட்டும். ஒவிடியு, உனக்கு இது. ஒயினை வழிய வழிய ஊத்தியிருக்கேன். முதல்ல மண்ணுக்கு ரெண்டு சொட்டு, அவருக்கு. மிச்சம் உனக்கு. கிளாஸும் உனக்குத்தான்.

– இது மாமாவோட கிளாஸாச்சே.

– அவரோடதுதான். அவருக்கு உன்மேல அவ்வளவு பிரியம். நீ ஆத்தைத் தாண்டி வந்தாதான் ஊருக்கே பேச்சுத்துணைம்பாரு.

– அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– ஒவிடியு! வேண்டாம்டா!

– சொல்லட்டும், விடும்மா. முதல்ல குடி கண்ணு, அப்புறம் சொல்லு. பத்திரமாப் பிடி. அன்னிக்கு அவர் கையில இருந்தது இதுதான். கீறல் கூட விழல பாரேன்.

– அன்னிக்கா? கிளாஸை எதுக்கு அத்தை எடுத்துட்டு வந்தாரு?

– எதுக்கா? ஜன்னல் வழியா உங்க அக்கா லாந்தரோட நிலவறைக்கு ஓடுறதைப் பாத்தாரு. "பரஸ்கிவா, ஒவிடியு வர்றான்போல, ரோதிகா புது ஒயின் எடுக்கப் போறா"ன்னு சிரிச்சுக்கிட்டே கிளாஸைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பினாரு.