சோப்பு டப்பா சத்தத்துக்கு ஒரு வாக்கு

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, மணியையும் மாத்திரைப் பெட்டியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் எங்கள் விடுதிக் காப்பாளர் மங்கம்மா அவர்களே! இந்தக் கட்டடத்தின் உரிமையாளரும், எங்கள் பொதுக்கூடத்துக்கு ஒரு பரிசு தருவதாக வாக்களித்திருப்பவருமான பெரியவர் ராமப்பன் அவர்களே! முதல் ஷிப்ட் முடித்து முகம் கழுவி வந்திருக்கும் தோழியரே! பேரிகையிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் பெற்ற மகளைப் பார்க்க வந்து, பேச்சையும் கேட்க நேர்ந்துவிட்ட தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேசுவது என் தொழில் அல்ல. கேட்பதுதான் என் தொழில். விசிறி மோட்டார் செய்யும் ஆலையில், கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, ஓடும் மோட்டாரைக் காதால் சோதிக்கிறவள் நான். ஓசையின்றி ஓடினால் ஓகே. உறுமினால் என்ஜி, அதாவது தேறாது. சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அந்தக் காதை நம்பித்தான் இந்த மன்றம் என்னிடம் ஒரு வேலையைத் தந்தது.

என்ன வேலை? ஞாயிறுதோறும் நாம் படம் பார்க்கும் கூடத்துக்கு இரண்டு பெரிய ஒலிப்பெட்டிகள் வேண்டுமா, ஒரு சின்ன மடிக்கணினி வேண்டுமா? எது கேட்டாலும் தருகிறேன், ஆனால் ஒன்றுதான் என்றார் பெரியவர். இத்தனை நாள் தொலைக்காட்சிக்குத் தன் பெட்டிகளை இரவல் தந்த சவுண்ட் சர்வீஸ் மாதேஷ் அண்ணன், அவற்றைத் திரும்ப எடுக்கப்போகிறார். மடிக்கணினியை மட்டும் கடையிலிருந்து பத்து நாள் சோதனைக்கு வாங்கித் தந்தார்கள். இன்று கை தூக்கி முடிவு செய்யவேண்டும்.

முதல் நாளே என் மானம் போயிற்று. கணினியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் காதை வைத்து, மோட்டாரைக் கேட்பதுபோல் கேட்டேன். "சத்தம் மிகக் குறைவு, அதிர்வு இல்லை, ஓகே" என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பாட்டுப் பாடவேண்டிய பொருளுக்குச் சத்தம் இல்லை என்று சான்றிதழ் கொடுத்த ஒரே பரிசோதகர் ஓசூர் வட்டாரத்திலேயே நான்தான். சிரியுங்கள், சிரியுங்கள். பலகையில் அதன் கீழே "அப்போ ஊமைதான் நல்ல பாடகியா?" என்று எழுதிய கையெழுத்து யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் நம் தலைவர் மங்கம்மாவே சோதனைக்கு வந்தார். ஆர்வம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "ஆடு ஆக்கு, ஆடு ஆக்கு" என்றார். பாட்டுப் போடு என்று பொருள். தெற்கேயிருந்து வந்து இரண்டே மாதமான சமையல்கார காளியம்மாள் அக்கா, கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "இந்நேரத்துக்கு ஆட்டுக்கு நான் எங்க தாயி போவேன்? முட்டை வேணா ஆக்கித் தாரேன்" என்றார். அன்று பாட்டும் முட்டையும் ஒன்றாகக் கிடைத்தன.

இனி விளையாட்டை விட்டுவிடுகிறேன். இது நல்ல கணினியா? முழு நேர்மையோடு சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிது, எடை குறைவு, ஒரு முறை மின்னேற்றினால் இரண்டு படம் தாங்கும். பத்துப் பேர் நெருங்கி அமர்ந்தால் திரை தெரியும், பதினோராவது ஆள் கழுத்தை வளைக்கவேண்டும். ஒலிபெருக்கிகள் அடியில் இருப்பதால், மெத்தைமேல் வைத்தால் குரல் மூச்சுத் திணறுகிறது. தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் தெளிகிறது. கம்பியில்லாத ஒலிப்பெட்டியை இணைத்தால் உதடு முன்னே போகிறது, சொல் பின்னே வருகிறது. பாட்டு? மேளம் இருக்கும் இடத்தில் மேசையைத் தட்டுவதுபோல் ஒரு தட்டல், அவ்வளவுதான். மாதேஷ் அண்ணன் ஒரே நிமிடம் கேட்டுவிட்டு, "அக்கா, இது பெட்டி இல்ல. சோப்பு டப்பா" என்று எழுந்து போய்விட்டார். நானும் ஒட்டுவதற்குச் சிவப்புச் சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

கைபேசியே போதாதா என்று அங்கே ஒரு குரல். போதும் சகோதரி, ஒருத்திக்குப் போதும். காதில் செருகிக்கொண்டால் அவளவளுக்குத் தனித்தனி அறை. நாம் தேடுவது படத்தை மட்டுமா? சேர்ந்து சிரிக்கும் அந்த ஒரு நொடியை அல்லவா?

அந்த நொடியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் பக்கத்துக் கட்டில் சௌமியாவை எல்லோருக்கும் தெரியும். பேரிகைப் பெண். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நான்கு வருடம். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு படம் பார்த்தால் போதும், மறுநாள் கம்பெனிப் பேருந்தில் கதாநாயகனாகவும் வில்லனாகவும் மாமியாராகவும் மாறி மாறி அவளே பேசிக் காட்டுவாள். ஓட்டுநர் வண்டியை மெதுவாக ஓட்டிக் கேட்பார். அந்தக் குரல் இரண்டு வருடமாக இல்லை. கேட்டால், அலுத்துவிட்டது என்பாள். நான் நம்பினேன். காதால் பிழைப்பவள், கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்திருந்தேன்: கூடத்தில் அவள் எப்போதும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பாள், எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு. பிறகு ஞாயிறுகளில் கீழே வருவதையே நிறுத்தினாள்.

தூரத்தில் இருப்பவர்களுக்காக ஏங்குவது நமக்கெல்லாம் பழக்கம். பக்கத்தில் இருப்பவளுக்காக ஏங்குவது எப்படி என்று நான் இந்த விடுதியில்தான் கற்றேன்.

ஆறாம் நாள் மாலை மின்சாரம் போயிற்று. தொலைக்காட்சி இல்லை, பெட்டிகள் இல்லை. மடிக்கணினியைத் தட்டின்மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மேலே புழுக்கம் தாங்காமல் சௌமியாவும் இறங்கி வந்தாள். படத்தில் ஒரு கிழவர் தன் மனைவிக்குக் கேட்காதபடி ஏதோ முணுமுணுத்தார். யாருக்கும் புரியவில்லை. சௌமியா சிரித்தாள். முதலில் சிரித்தாள். தனியாகச் சிரித்துவிட்டு, பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தாயி, அதுக்குள்ள சிரிச்சிட்ட? எங்களுக்கு வெளங்கலயே" என்றார் காளியம்மாள் அக்கா.

சௌமியா அந்த முணுமுணுப்பை, அந்தக் கிழவரின் குரலிலேயே, திருப்பிச் சொன்னாள்.

கூடம் குலுங்கியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்றுதான் சொன்னாள். இயந்திரத்தின் இடி அவள் காதிலிருந்து மெல்லிய எழுத்துகளைத் தின்றுவிட்டது. சகரமும் தகரமும் உதிர்ந்து, சொற்கள் ஓட்டை விழுந்து வருகின்றன. பெரிய பெட்டிகளின் கனத்த முழக்கம் மிச்சத்தையும் மூடிவிடுகிறது. நாம் குறை என்று சொன்ன முழக்கமின்மை இருக்கிறதே, அதுதான் அவளுக்குச் சொல்லைத் திறந்துவிட்டது. இரண்டு வருடமாக உதட்டைப் படித்துப் பழகியவள் என்பதால், நாம் கோட்டைவிட்ட முணுமுணுப்பும் அவளுக்குக் கிடைத்தது. பரிசோதகர் புத்தி எனக்குப் போகுமா? மின்விசிறி நின்றதால் வந்த பலனோ என்று சந்தேகப்பட்டேன். மறுநாள் விசிறியை ஓடவிட்டு, அவள் பார்க்காத இரண்டு படங்களை வைத்தேன். பெரிய பெட்டியில் தாமதமாகச் சிரித்தாள். சோப்பு டப்பாவில் நம்மோடு சிரித்தாள்.

இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் சொன்னா பாதியிலயே அழுதுடுவன். நீ சொல்லு. ஆனா பாவம்னு மட்டும் சொல்லிடாத."

சொல்லமாட்டேன். எந்தத் தாயாவது இப்போது உச்சுக்கொட்டினால், தயவுசெய்து அதை விழுங்கிவிடுங்கள். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடிக்கச் சொல்லி மாதேஷ் அண்ணன் மூன்று முறை சைகை காட்டிவிட்டார். மன்னியுங்கள் அண்ணா. மூன்றாம் வரிசையில் ஒருத்தி என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப டான்ஸுக்கு என்னாக்கா பண்றது?" என்று பின்வரிசை கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆட இந்தக் கணினி உதவாது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் பெட்டிகளைக் கொண்டுவருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆண்டுக்கு இரண்டு நாள் ஆடுவோம். ஐம்பது ஞாயிறு ஒன்றாகச் சிரிப்போமா?

பெரியவர் ராமப்பன் அவர்களே, பெரியதைத்தான் தரவேண்டும் என்று நினைக்காதீர்கள். தோழியரே, தயவுக்காகக் கை தூக்காதீர்கள். பேராசையோடு தூக்குங்கள். நம் பேருந்தில் மாமியாரும் வில்லனும் மறுபடி ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டுத் தூக்குங்கள். சௌமியா, உனக்கும் ஒரு வாக்கு உண்டு. உனக்காக அல்லடி, எனக்காகத் தூக்கு. இரண்டு வருடமாக உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தனியாக இருக்கிறேன்.

முழுதாய்க் கேட்ட செவிகளுக்கும், பாதி கேட்டு மீதியை என் முகத்தில் படித்துக்கொண்ட கண்களுக்கும் என் நன்றி. வணக்கம்.