கேமராவுக்கு நேர் கீழே

எங்கள் வீட்டுத் தரை எப்போதும் சுத்தமாக இருக்கும், ஐயா. நீங்களே பார்த்திருப்பீர்கள். எட்டு வருஷமாக நான்தான் துடைக்கிறேன்.

போட்டோ திருத்தும் மென்பொருள் எழுதுவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன், அம்மாவையும் பார்த்துக்கொண்டு. எழுந்தால் விழுந்துவிடும் நிலை அவளுக்கு. அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அம்மாவின் அறையைச் சுற்றிலும் ஒரே படமாக எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் உத்தரவு. சுவர், கூரை, தரை என்று போனைத் திருப்பித் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "சாதா போட்டோன்னா உனக்கு வேண்டியதை மட்டும் காட்டுவேடா" என்பாள். மூலையில் ஒட்டடை தெரிந்தால் அன்றே போன் வரும். அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு பிடித்துக்கொண்டதைப் பற்றி ஒருநாளும் வந்ததில்லை.

இப்படிப்பட்ட உருண்டைப் படத்தில் சிக்கலான இடம் ஒன்றுதான். கேமராவுக்கு நேர் கீழே. அங்கே ஸ்டாண்டின் மூன்று கால்களும் விழும். எங்கள் மென்பொருள் உருண்டையைத் தட்டையாக விரித்து வைத்துத்தான் திருத்தும். அடிப்பகுதி அதில் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கிடக்கும். கால்களை அழித்தால் தரை கோணிக்கொள்ளும். உருண்டையை உருண்டையாகவே வைத்து அழிக்க வேண்டும், அந்த இடத்தில் தரை தானாக வந்து நிரம்ப வேண்டும். ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். ஸ்டாண்டின் கால்கள் மறைந்தன. செருப்பு மறைந்தது, வாளி மறைந்தது. மேலாளருக்குத் திருப்தியில்லை. "இன்னும் பெருசா எதையாவது வெச்சுப் பாருங்க" என்றார்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மா கட்டிலிலிருந்து விழுந்தாள். அந்த வாரத்தில் நான்காவது தடவை. "தூக்கி விடுப்பா, மூச்சு முட்டுது" என்றாள். எனக்குக் களைப்பாக இருந்தது, ஐயா. கோபமில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. படம் எடுத்துவிட்டுத் தூக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஜன்னலோரம் இருந்த ஸ்டாண்டை நகர்த்தி, கால்களை அகட்டி, அம்மாவுக்கு மேலே நிறுத்தினேன். அவள் சுருண்டு கிடந்தது வசதியாக இருந்தது. சுற்றிலும் எடுக்கும் படத்தில் எடுப்பவனும் விழுந்துவிடுவான்; அதனால் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, போனிலிருந்தே கேமராவை இயக்கினேன். படம் நேராகப் போனுக்கே வந்துவிடும்.

கணினியில் போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டும் அம்மாவும் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகத் தரை வந்து சேர்ந்தது. ஒரு கோடு பிசகவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன்.

"அம்மா எங்கடா?" என்று கேட்டாள்.

"பாத்ரூம்ல இருக்காங்க."

"தரை பளிச்சுனு இருக்கு. நல்லாத்தான் பார்த்துக்கறே."

எட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அழுதுவிட்டேன். அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். எழுந்து போக மனம் வரவில்லை. மேலாளருக்கு அறிக்கை எழுதினேன், பதினோரு பக்கம். கூப்பிடுவது நின்றபோது மணி இரண்டு. ஐந்து மணிக்குத்தான் கதவைத் திறந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று அக்கா என்னைச் சொல்கிறாளாம். அது நியாயமில்லை. நான் எதையும் மறைக்கவில்லை. திருத்தாத படம் என் கணினியில் அப்படியே இருக்கிறது. திறந்து கீழே திருப்பிப் பாருங்கள். அம்மா கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு கையை மேலே நீட்டியபடி. என் கையில் இருந்தவரைக்கும் அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்று உங்களுக்கே தெரியும்.