நெஞ்சுல விட்டுப்போன பேரு

நீ எறங்கி வர வேணாம் தம்பி, சாரத்து மேலயே நின்னு உன் வேலையப் பாரு. நான் இந்த மடக்கு நாற்காலியில உக்காந்துக்குறேன், வீட்டுலருந்தே கொண்டாந்துட்டேன். நேத்து சொன்னதையே மறுபடியும் சொல்ல வந்திருக்காளேன்னு நெனைக்காத. அதையேதான் சொல்ல வந்திருக்கேன்.

இல்ல, நீ செவுத்துல வரைஞ்ச மூஞ்சிய நான் குத்தம் சொல்லவே இல்லயே. மூஞ்சி நல்லா வந்திருக்கு. அந்தக் காதுகூட அப்படியே ஹோபர்ட் காதுதான். கட்டிக்கிட்டு வந்த புதுசுல எங்கம்மாவே கேட்டா, காத்தடிச்சா உன் புருஷன் பறந்துற மாட்டானேன்னு. காது, மூக்கு, கையில கோப்பை எல்லாம் சரி. அந்த நெஞ்சுதான் தம்பி. ரேஸ் ஓட்டுற உடுப்புல நெஞ்சு மட்டும் வெள்ளையா, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு விட்ட மாதிரி இருக்கு. அங்க ஒரு பேரு இருந்துச்சு. ஹால்பர்ட். சிகரெட்டு. பச்சையில மஞ்ச எழுத்து. நீ வச்சு வரையுற போட்டாவுலயே இருக்கே, உனக்குக் கண்ணு தெரியாமயா போச்சு?

தெரியும், தெரியும். ரோண்டா சொல்லியிருப்பா. அவதான கமிட்டித் தலைவி. இந்த ரேஸ் மைதானத்த மறுபடியும் தெறக்குறதுக்கு மாநிலத்துலருந்து பணம் வந்திருக்கு, அந்தப் பணம் சிகரெட் கம்பெனிங்க மேல கேஸ் போட்டு வாங்குன பணம், அதனால செவுத்துல சிகரெட் பேரு வரக் கூடாது. இதத்தான சொன்னா? எங்கிட்டயும் சொன்னா. சர்ச்சுல கீழ் ஹால்ல கூட்டம் போட்டு, கேக்கு குடுத்து, மெதுவா, கைக்கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னா. சின்னப் புள்ளைங்க பாப்பாங்க நடீன், தப்பான வழி காட்டக் கூடாது நடீன். இதே ரோண்டாவோட அப்பாதான் ஆயுசு பூரா நெலத்துல பொகையில பயிர் போட்டாரு. அவ பல்லுக்குக் கம்பி கட்டுன காசு பொகையில காசு. நான் கேக்கத் தின்னுட்டு வந்துட்டேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவ்ளோ பெரிய செவுத்துல மறைக்கிறத இப்பதான் பாக்குறேன்.

நீ எந்த ஊரு? சார்லட்டா? ம். அங்கல்லாம் இப்ப ரேஸுன்னா கண்ணாடி ரூமுல உக்காந்து பாப்பாங்க. இங்க அப்படியா? செம்மண்ணு. மூணாவது வளைவுல நின்னா சாயந்தரம் வீட்டுக்குப் போயி மூக்கச் சிந்துனா செவப்பா வரும். கார்னா என்ன கார்? அக்கம்பக்கத்துல நிக்கிற கார் மாதிரியேதான் இருக்கும், உள்ள எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு எஞ்சின ஏத்தியிருப்பாங்க. கதவ வெல்டு வச்சு ஒட்டிருப்பாங்க, ஜன்னல் வழியாத்தான் ஏறணும். ஹோபர்ட் கால விட்டு நொழையுறதப் பாத்தா எனக்குச் சிரிப்பா வரும், நெட்டக் காலு.

அப்பதான் ஹால்பர்ட் கம்பெனி வந்துச்சு. தம்பி, நீ ஒண்ணு தெரிஞ்சுக்க. கம்பெனி வர்றதுக்கு முன்னாடி இங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கெடையாது. அந்தப் பைன் மரத்துக்குப் பின்னாடிதான், ஒருத்தி போவா, நாலு பேரு போர்வையப் புடிச்சுக்கிட்டு நிப்போம். கம்பெனிதான் கட்டிக் குடுத்துச்சு. தண்ணி வர்ற கக்கூஸு, கண்ணாடி வேற. மொத நாளு நாங்க வரிசையில நின்னு சும்மா போயி சும்மா வந்தோம். செவுத்துக்குப் பெயிண்டு, வேலிக்குப் பெயிண்டு, எல்லாம் பச்சையும் மஞ்சளும். மிச்சப் பெயிண்ட ஊரே தூக்கிட்டுப் போச்சு. கோழிக்கூண்டு பச்ச, தபால் பெட்டி மஞ்ச. பாஸ்டர் வீட்டு வேலிகூட அந்தக் கலருதான். அதனால அவங்கள நான் சும்மா வாய்க்கு வந்தபடி திட்டுறவ இல்ல. திங்கிற சோத்துல மண்ணப் போடக் கூடாது.

ப்ரூயிட்னு ஒரு ஆளு. கம்பெனிக்காரரு. வெயிலடிச்சாலும் கோட்டு. யாரையும் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு. நடீன், உன் முட்டிவலி எப்படியிருக்குன்னு கேப்பாரு. புருஷன்கூட கேட்டதில்ல. அவருதான் ஹோபர்ட்டப் புடிச்சாரு. ஹோபர்ட் அப்ப மர மில்லுல வேல. ஞாயித்துக்கெழம மட்டும் ரேஸு. டயருக்குப் பணம் குடுக்குறோம், எஞ்சினுக்குக் குடுக்குறோம், நெஞ்சுல எங்க பேரப் போட்டுக்க, அவ்ளோதான்னாரு. அவ்ளோதான். ஹோபர்ட் அன்னைக்கு வீட்டுக்கு வந்து, என்னையத் தூக்கிச் சமையக்கட்டுல சுத்துனாரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு, அவரு இடுப்பு.

அந்தப் பேரத் துணியில எம்ப்ராய்டரி பண்ணி அனுப்புவாங்க. தெச்சது நாந்தான். எங்க ஊர்ல ஓட்டுறவன் பொண்டாட்டிதான் எல்லாத்தையும் தெப்பா. ராத்திரி சமையல முடிச்சுட்டு, வெரல் ஓட்ட ஓட்டயா ஊசி குத்தி, வலதுபக்கம் தெச்சேன். ப்ரூயிட் வந்து பாத்துட்டு, தப்பும்மா, கோப்பையத் தூக்குனா அந்தப் பக்கம் மறையும், பிரிச்சு இடதுபக்கம் வையின்னாரு. இவரு இன்னும் ஒரு ரேஸு ஜெயிக்கல. கோப்பை எந்தக் கையில வரும்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. பிரிச்சுத் தெச்சேன்.

அப்புறம் கார்ட்டன் கார்ட்டனா சிகரெட்டு. மைதானத்து வாசல்ல அடுக்கி வச்சிருப்பாங்க, யாரு வேணா எடுத்துக்கலாம். எங்க வீட்டுல மாவு டப்பாவுக்கு எடமில்ல, அலமாரி பூரா ஹால்பர்ட். அதுக்கு முன்னாடி ஹோபர்ட் பிடிக்கவே மாட்டாரு. அவங்கப்பா இருமுறது பாத்து வளந்தவரு. ஆனா கம்பெனி பேர மாட்டிக்கிட்டு, கம்பெனிக்காரங்க கூட நின்னுகிட்டு, வேணாங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? விருந்துக்குப் போன வீட்டுல சாப்பாடு வேணாங்குற மாதிரி. மரியாதைக்குத் தொடங்குனாரு. நெசமாத்தான் தம்பி, மரியாதைக்கு. அப்புறம் ரேஸ் காருக்குள்ளயே லைட்டர் வச்சுக்கிட்டாரு. மோதல் கீதல் ஆகி மஞ்சக் கொடி காட்டுனா எல்லாரும் மெதுவா ஓட்டணுமில்ல, அந்த நேரத்துல பத்த வச்சுப்பாரு. ஜன்னல் வழியா பொக வரும். கூட்டம் கைதட்டும், ஹோபர்ட் பத்த வச்சுட்டான்டான்னு.

ஆமா, ஒரே தடவதான் ஜெயிச்சாரு. அதான் நீ வரையுறது. முன்னாடி போனவங்க ரெண்டு பேரு ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டுச் செவுத்துல போயி விழுந்தாங்க, இவரு நடுவுல புகுந்து வந்துட்டாரு. குருட்டு அதிர்ஷ்டம்னு பேசுனாங்க. பேசட்டும். அந்த இடுக்குல நீ ஓட்டிப் பாரு, தெரியும். நான் எங்க வேன் கூரை மேல நின்னு கத்துனதுல மூணு நாளு தொண்ட கட்டிருச்சு. எறங்கி ஓடுறேன், செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு, அப்படியே போயி அவரக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். மேலெல்லாம் கிரீஸு, வேர்வ. போட்டாக்காரன் மெஷினத் தூக்குறான். அப்ப ப்ரூயிட் என் தோளத் தொட்டு, ரொம்பத் தன்மையாச் சொன்னாரு. நடீன், கொஞ்சம் தள்ளி நில்லும்மா, பேரு மறையுது.

தள்ளி நின்னேன்.

அந்தப் போட்டாவ நல்லாப் பாரு, ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான். உன் படத்துல அதுகூட இல்ல, நீ அளவுக்காக வெட்டிட்ட, பரவால்ல. அப்புறம் தொப்பி போட்டா. தெரியுமா அது? ஜெயிச்சவரு தலையில ஒரு தொப்பிய வச்சு ஒரு போட்டா, கழட்டி இன்னொரு தொப்பி, இன்னொரு போட்டா. டயருக்காரன் தொப்பி, எண்ணெய்க்காரன் தொப்பி. தொப்பி மாறிக்கிட்டே இருந்துச்சு. நெஞ்சு மாறல. அது முடியுற வரைக்கும் நான் ஒத்தச் செருப்போட ஓரமா நின்னேன். எல்லாரும் போனப்புறந்தான் எனக்குப் புருஷன் கெடைச்சாரு.

இப்பச் சொல்லு. என்னையத் தள்ளிட்டு அந்த எடத்துல வச்ச பேரு. இப்ப அந்தப் பேரும் இல்லன்னா நான் எதுக்குத் தம்பி தள்ளி நின்னேன்? இதத்தான் ரோண்டாகிட்ட கேட்டேன். இன்னொரு கேக்குத் துண்டு எடுத்துக்கன்னா.

நம்பர் போடுறியா? நெஞ்சுல கார் நம்பரா? வேணாம்ப்பா. பூவா? தம்பி, அவரு கார் ஓட்டுனவரு, கல்யாணப் பொண்ணு இல்ல.

உன் பொழப்புல கை வைக்க நான் வரல. சம்பளத்தப் புடிச்சுருவாங்கன்னு பயப்படுற, நியாயந்தான். சனிக்கெழம தெறப்பு விழா, அதுக்குள்ள முடிக்கணும். யாரு எழுதுனான்னு கேட்டா நடீன் ஸ்டேமி ஏணியில ஏறி எழுதுனாளாம்னு சொல்லு. எழுபத்தி நாலு வயசுக்காரி மேல கேஸ் போடட்டும் பாப்போம். எனக்குப் பொழுதாவது போகும்.

எது? அந்தப் பச்ச டிரக்கா? அது எங்களுதுதான். ஆமா, உள்ள ஆளு இருக்காரு. ரொம்ப நேரமா இல்ல, நான் வந்ததுலருந்து. கூப்பிடாத, வர மாட்டாரு. எறங்குனா மறுபடியும் ஏறுறதுக்கு ரெண்டு பேரு வேணும். மூக்குல குழாய் இருக்கு, சிலிண்டர் காலடியில. நீ செத்துப் போனவருக்குப் படம் வரையுறன்னு நெனைச்சியா? ரோண்டா அப்படித்தான் பேசுறா, பாவம், அவசரம் அவளுக்கு. நுரையீரல்ல பாதிய எடுத்தாச்சு, மிச்சப் பாதியிலயும் புத்து வந்திருச்சு. அவரால சனிக்கெழம கூட்டத்துல வந்து உக்காந்திருக்க முடியாது, அதான் இப்பவே கூட்டியாந்தேன்.

அவருக்கு வேற எதுவும் வேணாமாம். பாஸ்டர் வேணாம், பையன ஃபோர்ட் ஒர்த்துலருந்து வரச் சொல்லவா, வேணாம். அந்தப் பேர எழுதச் சொல்லு நடீன், அது ஒண்ணுதான். அவங்க இல்லன்னா நான் மர மில்லுலயே கெடந்திருப்பேன், என்னைய மனுஷனாக்குனவங்க, வெறும் நெஞ்சோட நின்னா அது நானே இல்லங்குறாரு. நம்ம பக்கத்துல பாதிப் பேரு கம்பெனி மேல கேஸ் போட்டாங்க தம்பி. வக்கீலு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. நான் கெஞ்சுனேன். கை குலுக்குன ஆளு மேல கேஸ் போட மாட்டேன்னுட்டாரு. யாரும் என் வாயில திணிக்கல நடீன்னாரு. ப்ரூயிட் எப்பவோ ரிட்டயராகிப் போயாச்சு. ஒரு வார்த்த, ஒரு கார்டு கெடையாது. என் முட்டி எப்படியிருக்குன்னு இப்ப ஒருத்தனும் கேக்கல. இன்னமும் அவங்களுக்காக எங்கிட்ட சண்ட போடுறாரு, மூச்சு வாங்க வாங்க. அந்த மூச்ச வச்சுக்கிட்டு.

சரி, உனக்கு எதுக்கு அந்தப் பேருன்னு கேட்ட, சொல்லிடுறேன். அவரு பெருமைக்காகக் கேக்குறாரு. நான் அதுக்குக் கேக்கல.

இந்த ரோட்டுலதான ஸ்கூல் பஸ்ஸு போகுது. புள்ளைங்க கேக்குங்க, அது யாருன்னு. யாராவது சொல்லுவாங்க, அது ஹோபர்ட் ஸ்டேமி, இங்க ஜெயிச்சவரு, நெஞ்சுல புத்து வந்து செத்துப் போனாருன்னு. அப்ப அதுங்க நிமிந்து நெஞ்சப் பாக்கணும். பேரு அங்க இருக்கணும், பஸ்ஸுல போறப்பவே படிக்கிற மாதிரி பெருசா. அழிச்சுட்டா யாருக்கு லாபம்? புள்ளைங்களுக்கா? கம்பெனிக்காரங்களுக்குத்தான தம்பி லாபம். எங்க வீட்டுக்குள்ள வந்து, எங்க அலமாரியில உக்காந்து, எங்க ஆளத் தின்னுட்டு, இப்ப செவுத்துலருந்து நல்லபடியா எறங்கிப் போயிரலாம், இல்ல? போக விட மாட்டேன். அவரத் தின்னது எதுவோ அது அவரு மேலயே எழுதியிருக்கட்டும்.

இத்தன வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தக் கேக்குறது இப்பத்தான். டிவியில எந்தச் சேனலுங்குறதுக்குக்கூட ஒத்துப் போனதில்ல. அவரு கேட்டது அவருக்குக் கெடைக்கட்டும், என்னுது எனக்குள்ள இருக்கட்டும். நான் உனக்குச் சொன்னத மட்டும் அவரு காதுல போட்டுறாத. தாங்க மாட்டாரு.

டிரக்குக் கண்ணாடிய எறக்குறாரு பாரு. என்ன ஆச்சுன்னு கேக்குறாரு, சத்தம் வராது. அவரப் பாத்து, எழுதிர்றேன்னு ஒரு தடவ தலைய ஆட்டு தம்பி. நல்லாப் பெருசா ஆட்டு, அவருக்குத் தூரம் சரியாத் தெரியாது.