என் கை பெரியது

என் கைகள் எப்போதும் சில்லிட்டிருக்கும். அதனால் நோயாளியைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்வேன். இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. என்னைப் பற்றி நல்லதாக ஒன்றாவது இருக்கட்டும்.

தோலில் வரும் அபூர்வமான புற்றுநோய் அது. முதலில் படை மாதிரி சிவக்கும், பிறகு தடிக்கும், கடைசியில் கட்டியாகும். புது மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் படைகளை அளப்பது என் வேலை. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவர் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. சிவந்த இடத்தில் எத்தனை கை அடங்குகிறது என்று எண்ண வேண்டும். மற்றவர்கள் அந்தக் கையைத் தாளில் வரைந்து வெட்டிக்கொள்வார்கள். நான் கையையே பிடித்து வைத்துப் பார்ப்பேன். கணக்கு எல்லையைத் தாண்டிவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று பொருள். ஆளை ஆய்விலிருந்து விடுவித்துக் கதிர்வீச்சுக்கு அனுப்பிவிட வேண்டும்.

அந்த நோயாளிகளில் ஒருவர் தையல்காரர், செவ்வாய்க்கிழமைகளில் வருவார். "ஊருக்கெல்லாம் நான் அளவெடுத்தேன், இப்ப நீங்க எனக்கு எடுக்கறீங்க. துணியில மட்டும் மிச்சம் புடிச்சிடாதீங்க டாக்டரம்மா" என்று முதல் நாளே சிரிக்க வைத்தார்.

நான் தனியாக இருப்பவள். வீட்டில் பூட்டைத் திறக்கும் சத்தம்தான் எனக்கு வரவேற்பு. யாராவது என் கையைப் பிடித்து எத்தனையோ காலமாகிறது. அவர் கை கதகதப்பாக இருக்கும். அளந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

முதுகுக்கு அவர் கை எட்டாது. தாள் வெட்டியிருக்கலாம். என் கையை வைத்தேன். "ஆம்பளக் கை" என்று அம்மா கேலி செய்வாள், அவ்வளவு பெரியது. பெரிய கையால் அளந்தால் கணக்கு குறைவாக வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மழைக்காலத்தில் படை பரவியபோது விரல்களையும் சற்று அகட்டி வைத்துக்கொண்டேன். கணக்கு எல்லைக்குள்ளேயே நின்றது, அவரும் வந்துகொண்டிருந்தார். நான் பொய் எழுதவில்லை. கை சொன்னதைத்தான் எழுதினேன்.

அவர் மகள் ஒரு நாள் நடைவழியில் என்னை நிறுத்தினாள். "அப்பாவுக்குக் கட்டி கட்டியா வருதே டாக்டர், மருந்துக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குதும்மா. குணமாகறப்ப இப்படித்தான் கிளம்பி அடங்கும்" என்றேன்.

பாவம், நம்பிவிட்டாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். அதுவும் இதமாகத்தான் இருந்தது.

அப்போது அனுப்பியிருந்தால் கதிர்வீச்சில் கட்டிகள் கரைந்திருக்கும் என்று உங்கள் நிபுணர்கள் சொல்கிறார்கள். சரிதான். அனுப்பவில்லை. கட்டிகள் உடைந்தன, கிருமி ரத்தத்தில் ஏறியது, மனிதர் போய்விட்டார். அவரைக் கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைப் பிரிய அவருக்கும் மனமில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கடைசிச் செவ்வாயன்று, "என்ன விட்டுடுங்கம்மா, வேற எங்கயாவது போய்ப் பாத்துக்கறேன்" என்று முனகினார். கையையும் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். என் கை சில்லென்று இருந்திருக்கும். வெந்நீரில் இன்னொரு முறை கழுவிக்கொண்டு வந்து பிடித்தேன்.