கழற்றாத அரணாக்கயிறு

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில் அன்று இருந்தது நாலு பேர்: மடியில் பூக்கூடையோடு ஓர் அம்மா, ஷூ கம்பெனி சட்டை போட்ட இரண்டு ஆண்கள், இறங்கும் இடம் தவறிவிடுமோ என்று பயந்துகொண்டே நான்.

"ஜெர்மனில நான் அம்மணமா நீச்சல் அடிச்சேன்டா சேகரு," என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

பூக்கட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"இன்னாண்ணா சொல்ற? மிஷின் ட்ரெயினிங்குன்னுதான போன?"

"நம்ம ஷூ வாங்கற வெள்ளைக்காரரு குளத்துக்குக் கூட்டினு போனாரு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்க யாரும் துணி போடக் கூடாதாம். ஆம்பள, பொம்பள, எல்லாரும் அப்டியே. நானும் கழட்டிட்டேன். அரணாக்கயிறு மட்டும் கழட்டல. உசுரோட இருக்கறவன் அத கழட்டுவானா?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஊட்டுக்குள்ள உடுவாளா? குளத்துப் பேச்சே எடுக்கல. ஞாயித்துக்கிழமை அவரு நம்ம ஊட்டுக்கு பிரியாணி சாப்ட வர்றாரு. அதான் பேஜாரா கீது."

போன் அடித்தது. பஸ் இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரைப் போட்டார்.

"வர்ற வெள்ளைக்காரருக்குக் குடுக்க இன்னா வாங்கினே?" என்றது மனைவியின் குரல்.

"கறுப்பு அரணாக்கயிறு. அவரே ஆசப்பட்டுக் கேட்டாரு."



"அவருக்கு அது எப்டி தெரியும்? சட்டைக்கு மேலயா கட்டினு திரிஞ்சே?"

சேகர் வாயைப் பொத்திக்கொண்டார். பூக்கார அம்மா போன் பக்கமாகக் குனிந்தார்.

"அந்த நீச்சல் குளத்தப் பத்திக் கேளும்மா."