அடி அண்ணாமலை தண்ணீர்ப் பந்தல் புகாரில் சடையன் சொன்னது

என் பெயர் சடையன், வயது 51, தகப்பனார் பெயர் அர்ஜுனன், அவர் காலமாகிவிட்டார். திருவண்ணாமலை வட்டம், அடி அண்ணாமலை, கோயில் தெருவில் குடியிருக்கிறேன். கிரிவலப் பாதையை ஒட்டி எனக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு, மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுகிறேன். கையெழுத்துப் போடத் தெரியும்.

பதினோரு வருடமாகப் பௌர்ணமிதோறும் என் நிலத்தின் முன்னால் தண்ணீர்ப் பந்தல் போட்டு வருகிறேன். என் கிணற்றுத் தண்ணீருக்கு ஊரில் நல்ல பேர், எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. சென்ற வாரம் பெய்த மழைக்குப் பிறகு எங்கள் ஊரில் மூன்று வீடுகளில் வாந்திபேதி கண்டது. அதன் பிறகு கிராம சுகாதார நர்ஸ் அன்புச்செல்வி என் கிணற்றை வந்து பார்த்து, போன பௌர்ணமிக்கு ஜனங்கள் வெளிக்குப் போன இடத்திலிருந்து மழைத் தண்ணீர் கசிந்திருக்கிறது, இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, 05.10.98 பௌர்ணமி அன்று காலை டிராக்டரில் வேறு தண்ணீர் கொண்டுவந்து என் தொட்டியை நிரப்பி, பிளீச்சிங் பவுடர் மருந்து கலந்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஒருவர் குடித்துப் பார்த்துத் துப்பினார். "இன்னாய்யா, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது, இதுக்குப் புண்ணியம் வேறயா?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. பக்தர்களுக்கு நல்ல தண்ணீர் தரவேண்டும் என்ற எண்ணத்தில் தொட்டியிலிருந்த முழுவதையும் நிலத்தில் திறந்துவிட்டு, மோட்டார் போட்டு என் கிணற்றுத் தண்ணீரையே நிரப்பினேன். வீட்டுக்கும் அதிலேயே ஒரு குடம் அனுப்பினேன்.

குழாயைத் திறக்கும் முன்பாக, மாலை நான்கு மணி சுமாருக்கு அந்த நர்ஸம்மா திரும்பி வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீராக இருந்தால் மஞ்சளாக மாறுமாம், மாறவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் கீழே விட்டார். வரிசையில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். "சாமி பேர்ல வெச்ச தண்ணிய மண்ணுல வுடுறியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஒரு அம்மாள் கத்தினார். அதற்கு அவர், "திட்டுங்கம்மா, பரவாயில்ல. இத மட்டும் குடிச்சுடாதீங்க" என்றார். நான் கோபத்தில் அவரைப் பிடித்துத் தள்ளினேன். கல்லில் விழுந்து முழங்கையில் ரத்தம் வந்தது.

அதன் பிறகு அவர் எழுந்து, டிராக்டரை வரவழைத்து மறுபடி நிரப்பி, மருந்து கலந்து, குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். மறுபடி சோதித்ததில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளானது. அதை உயர்த்திக் காட்டிவிட்டு முதல் டம்ளரை அவரே குடித்தார். அவ்வளவு நேரம் ஏசிய கூட்டம், கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் கை நீட்டி நின்றது. நான் மட்டும் நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அவர் பந்தலை நாசம் செய்து பக்தர்களை அவமதித்தார் என்று புகார் கொடுத்தேன். தண்ணீரை மாற்றியதையும் அவரைத் தள்ளியதையும் அதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை என் மனைவி கஸ்தூரிக்கும், எங்கள் குடத்திலிருந்து வாங்கிக் குடித்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளுக்கும் பேதி கண்டது. ஒன்பது மணிக்குள் கஸ்தூரிக்குக் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட எனக்கு முகமில்லை, யாரோ சொல்லி அந்த நர்ஸம்மாவே முழங்கையில் கட்டுடன் வந்தார். "அண்ணா, கொதிக்க வெச்சு ஆறுன தண்ணி இருக்குதா?" என்று கேட்டதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக மதியம் வரை ஊட்டினார். என் மனைவி பிழைத்துக்கொண்டாள். கன்னியம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் தேறி வருகிறார்.

பௌர்ணமிக்கு என் தொட்டி நான்கு தடவை காலியாகும். என் மனைவி குடித்தது ஒரே சொம்பு. அந்த ஜனமெல்லாம் அரோகரா சொல்லிக்கொண்டு மலையைச் சுற்றி முடித்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்களுக்கு என்ன வர இருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மலையடியில் பிறந்து எத்தனையோ அதிசயம் கேட்டிருக்கிறேன். ஒன்றுமே நடக்காமல் போன இதை நினைத்தால்தான் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

என் புகாரால் அவருக்கு வேலை போகும் என்று சொல்கிறார்கள். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றேன். புகாரில் குற்றம் செய்தவர் என்ற இடத்தில் அன்புச்செல்வி பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டியதோ குறைத்ததோ இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அ. சடையன்
08.10.1998

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது,
சார்பு ஆய்வாளர்